வளர்ப்புப் பராமரிப்பு: குடும்பங்களுக்குக் கிடைக்கும் உதவி என்ன?

பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைகள் காப்பகங்களுக்கு மாற்றாகக் குடும்பச் சூழலில் வளர வழிசெய்வது வளர்ப்புப் பராமரிப்பு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழு இக்குழந்தைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கிறது. உடன்பிறந்தோரை இயன்றவரை பிரிப்பதில்லை.

‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு மாதம் ரூ.4,000 வழங்கப்படுகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு குடும்பத்துக்கு ஆலோசனை அளிக்கிறது. மாதந்தோறும் ஆய்வும் உண்டு.

2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்களின்படி, 35 முதல் 60 வயது வரையிலான தனிநபர்களும் குழந்தையை ஏற்கலாம். 2 ஆண்டுகளுக்குப் பின் தத்தெடுக்க வழியுண்டு. முன்பு இது 5 ஆண்டுகளாக இருந்தது.

எனினும் இது தத்தெடுப்பு அன்று. பெற்றோரின் நிலை சீரானால் குழந்தை திரும்பக்கூடும். அந்தப் பிரிவுக்கும் ஆயத்தமாக வேண்டியிருப்பதால், உதவித்தொகைக்கு இணையாக ஆலோசனையும் பயிற்சியும் இன்றியமையாதவை.