தாள் விண்மீனின் வரலாறு

மார்கழித் திங்கள் பிறந்ததும் தமிழர் இல்லங்களின் வாசலில் கோலமும் பூசணிப் பூவும் பொலிவதை யாவரும் அறிவர். அதே திங்களில் கிறித்தவ அன்பர்தம் இல்ல முகப்பில் தாளால் இயன்ற விண்மீன் ஒன்று ஒளிரத் தொடங்கும். கருநாடகத்தின் எல்லையில், ஓசூருக்குச் சில கல் தொலைவே உள்ள நம் அத்திபெலேயில் இவ்விரு காட்சிகளும் அடுத்தடுத்த வாசல்களில் காணக் கிடைப்பன. கோலத்தின் பெருமை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். விண்மீனின் வரலாற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயேசு பெருமான் பிறந்தபோது கீழ்த்திசை ஞானியர்க்கு ஒரு விண்மீன் வழிகாட்டிற்று என்று மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. வீட்டு முகப்பில் விண்மீன் தொங்கவிடும் வழக்கத்திற்கு இதுவே வேர். நம் நாட்டில் மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, ஐந்து முனையாகக் கட்டி, பட்டம் செய்யும் வண்ணத்தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, உள்ளே விளக்கேற்றி வைப்பர். மேனாட்டில் தாளையே மடித்து விண்மீன் ஆக்கும் கலை வளர்ந்தது. அது வளர்ந்த இடமும் வளர்த்த மக்களும் நம் போன்றோர் ஊன்றிக் கருதத்தக்கவர்.

மொராவியா நாட்டில் சமயக் கொடுமைக்கு ஆளான மக்கள் சிலர் ஊர்விட்டு வெளியேறினர். செர்மனியின் சாக்சனி நாட்டில் சின்சென்டார்ப் என்னும் பிரபு தம் நிலத்தில் அவர்க்கு இடமளித்தார். 1722 ஆம் ஆண்டு ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் அங்கே எழுந்தது. இம்மக்கள் பின்னர்த் தம் சமயப் பணிக்காக உலகின் பல மூலைகளுக்கும் சென்றனர். சென்றோர்தம் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் தங்கிப் பயின்றனர். அத்தகைய பள்ளிகளுள் ஒன்று நீஸ்கி என்னும் ஊரில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அப்பள்ளியில் வடிவ கணிதம் கற்பிக்கும் பயிற்சியாகத் தாள் விண்மீன் உருவாயிற்று என்பர். தாய் தந்தையரைப் பிரிந்து வாழ்ந்த சிறுவர், விழாக்காலத்தில் தம் கையாலேயே மடித்துத் தம் அறைகளில் தொங்கவிட்டு மகிழ்ந்தனர். ஊர் பெயர்ந்த மக்களின் பிள்ளைகள் கையில் பிறந்த அணி அது என்பதை நாம் மறத்தலாகாது.

அதன் அமைப்பு வியப்புக்குரியது. நடுவில் 18 சதுரங்களும் 8 முக்கோணங்களும் கூடிய 26 முகமுடைய உருவம் ஒன்று உண்டு. தொங்கவிடுவதற்காக ஒரு சதுரத்தை விடுத்து, எஞ்சிய 25 முகங்களிலும் கூர்ங்கூம்புகள் பொருத்தப்படும். ஏட்டில் கண்டால் அஞ்சத்தக்க கணக்கு, கையில் எடுத்தால் விளையாட்டாகி விடுகின்றது. அப்பள்ளியின் பழைய மாணவரான பீட்டர் வெர்பேக் என்பார் தம் புத்தகக் கடையில் இதனை விற்கத் தொடங்கினார். 1897 ஆம் ஆண்டையொட்டி ஹெர்ன்ஹூட்டில் இது தொழிலாக வளர்ந்தது. இன்றும் அவ்வூர்ப் பெயராலேயே அவ்விண்மீன் வழங்குகின்றது.

நிற்க. மொராவியர் நம் தமிழகத்திற்கும் வந்தவரே. 1760 ஆம் ஆண்டு தரங்கம்பாடியை அடுத்துக் குடியேறினர். அவர் தங்கிய இடம் சகோதரர் தோட்டம் எனப்பட்டது. எனவே அவரே இவ்விண்மீனை நம்மிடம் கொணர்ந்தார் என்று எண்ணத் தோன்றும். ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. 1803 ஆம் ஆண்டோடு அவர்தம் பணி இங்கு முடிந்தது. நீஸ்கிப் பள்ளி விண்மீனோ அதற்குப் பிற்பட்டது. வண்டி புறப்பட்ட பின்னர் நிலையத்திற்கு வந்த சரக்கு அவ்வண்டியில் ஏறியிருக்க இயலாது என்பது என் போன்ற புகைவண்டி ஊழியர்க்கு எளிதில் விளங்கும். ஆயினும் தரங்கம்பாடிக்கு வேறொரு சிறப்புண்டு. 1706 ஆம் ஆண்டு அங்கு வந்த சீகன்பால்கு ஐயர் தமிழில் நூல் அச்சிட்டார். தாள் போதாமையால் அருகிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலையே நிறுவப்பட்டது. அந்நாளில் தாள் அத்துணை அரும்பொருள். அதை மடித்து விளையாடுவார் யார்?

தாள் மடிப்பைக் கல்வியாக்கிய பெருமை பிரெடரிக் பிராபெல் (1782–1852) என்னும் செர்மானிய ஆசிரியரைச் சாரும். மழலையர் பள்ளிக்குக் ‘குழந்தைத் தோட்டம்’ என்னும் பொருளில் 1840 ஆம் ஆண்டு பெயரிட்டவர் அவரே. அவர் பெயரால் வழங்கும் விண்மீன் ஒன்று உளது. ஒன்றரைச் செண்டிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து செண்டிமீட்டர் நீளமும் உள்ள நான்கு தாள் நாடாக்கள் போதும், பசை வேண்டுவதில்லை. ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஒன்றன் மடிப்பில் மற்றொன்றைக் கோத்து இறுக்கினால் நடுவில் சிறு சதுரப் பின்னல் அமையும். பின் நுனிகளை மடித்து மடித்துச் செருகினால், சுற்றிலும் தட்டையாக எட்டு முனைகளும், இருபுறமும் நந்நான்காக எழுந்து நிற்கும் எட்டு முனைகளும், ஆகப் பதினாறு முனைகள் கிட்டும்.

இதனைச் செய்து பார்க்கும் தமிழர்க்கு ஓர் உண்மை புலனாகும். இப்பின்னல் நம் கைக்குப் புதிதன்று. தென்னங்குருத்தைக் கோத்துப் பந்தும் கிளியும் செய்து கொடுத்த பாட்டனார் நம்முள் யார்க்கு இலர்? திருமணப் பந்தலின் குருத்தோலைத் தோரணமும், குருத்து ஞாயிறன்று கையில் ஏந்தும் ஓலைச் சிலுவையும், செட்டிநாட்டுக் கொட்டானும், நெல்லைச் சீமையின் பனையோலைப் பெட்டியும் இதே மடிப்பும் கோப்பும் கொண்டவை. சமயம் எதுவாயினும் ஓலை ஒன்றே. விரலின் பழக்கமும் ஒன்றே.

1809 ஆம் ஆண்டு பெங்களூரில் தண்டு அமைந்தபோதும், 1864 ஆம் ஆண்டு சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்த பின்னரும், தமிழ் மக்கள் தொழில் நாடி இப்பகுதிக்கு வந்த வண்ணம் இருந்தனர். மூட்டை முடிச்சுக்கு எடையுண்டு; கைத்திறனுக்கு எடையில்லை. அவர் கொணர்ந்தவற்றுள் மொழியும் கைப்பழக்கமுமே சுமையின்றி வந்தவை. கவனியாதிருந்தால் ஓசையின்றி மறைபவையும் அவையே.

இன்று கடைவீதியில் மின்விளக்கு பொருத்திய பிளாஸ்டிக் விண்மீன்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவோரைக் குறை கூறுதற்கில்லை. ஆனால் நம் பிள்ளைகள் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். பெற்றோருடன் அமர்ந்து தமிழ் கேட்கும் பொழுது அவர்க்குக் குறைந்து வருகின்றது. தாள் விண்மீன் செய்ய ஒரு மாலைப் பொழுது வேண்டும். அம்மாலையில் மடி, கோத்துவிடு, இறுக்கு, திருப்பு, செருகு, நறுக்கு என்னும் சொற்கள் பிள்ளையின் செவியில் விழும். சொல்லும் செயலும் ஒருங்கே பதியும். எந்தப் பாடநூலும் இவ்வளவு எளிதாக இச்சொற்களைக் கற்பிக்காது.

ஆகவே குடியிருப்பில் உள்ள தாய்மாரும் தந்தைமாரும், சமய வேறுபாடு கருதாது, வரும் டிசம்பரில் பழைய நாட்காட்டித் தாளையேனும் நாடாவாக நறுக்கி, பிள்ளைகளை அருகமர்த்தி இவ்விண்மீனைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். முதல் விண்மீன் கோணலாகத்தான் வரும். அதையும் வாசலில் தொங்கவிடுங்கள்.