கொடையா, கூலியா?

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய அம்மா சபையையே சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தார். அமெரிக்காவில் மகனைப் பார்க்கப் போன அப்பா ஓட்டல் பில்லைப் பார்க்கிறார். அடியிலே 18, 20, 25 சதவீதம் என்று டிப்ஸ் கணக்குப் போட்டிருக்கு. "தின்னதுக்கும் காசு, கொண்டாந்து வச்சதுக்கும் காசாடா?" என்கிறார். "சர்வருக்குப் பேராசை" என்று அம்மா தீர்ப்பும் சொல்லிவிட்டார். நீங்களும் கைதட்டினீங்க. கொஞ்சம் பொறுங்க.

அந்த நாட்டுக்கு டிப்ஸ் ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமைகளுக்கு விடுதலை. விடுதலை கிடைச்சுது, சோறு? புல்மன் என்ற ரயில் பெட்டிக் கம்பெனி அந்தக் கறுப்பின மக்களைத் தூங்கும் பெட்டிகளில் பணியாளாக வைத்தது. சம்பளம் சொற்பம். மிச்சத்தைப் பயணியிடம் வாங்கிக்கோ! ஓட்டல்காரர்களும் இதே வழியைப் பிடித்தார்கள். நேற்றுவரை கூலியே கொடுக்காமல் வேலை வாங்கிய சமூகம், இப்போது கூலியை அடுத்தவர் பையிலிருந்து கொடுக்கச் சொன்னது. நான் தமிழ் வாத்தியார். பாணனுக்கு மன்னன் தந்தது பரிசில். கதிர் அறுத்தவனுக்குத் தருவது கூலி. தமிழில் இரண்டும் வேற வேற சொல்லய்யா!

அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. இன்னும் சில மாநிலங்களும் போட்டன. 1916-இல் வில்லியம் ஸ்காட் என்பவர் 'அரிக்கும் உள்ளங்கை' என்ற பொருளில் தலைப்பு வைத்து, இது குடியாட்சிக்கே ஆகாது என்று ஒரு புத்தகம் எழுதினார். 1926-க்குள் அத்தனை தடையும் போயே போச்சு.

இனிமேல்தான் சங்கதியே இருக்கு. 1938-இல் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஓட்டல் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 1966-இல் சேர்த்தார்கள். எப்படி? பாதிக் கூலியை முதலாளி டிப்ஸிலேயே கழிச்சுக்கலாமாம்! 1991-இல் அந்தப் பாதி 2 டாலர் 13 சென்ட். 1996-இல் 'பாதி' என்ற கணக்கையும் அறுத்துவிட்டு, தொகையை அப்படியே நிறுத்திட்டாங்க. 2009-இல் பொதுக் கூலி 7 டாலர் 25 சென்ட் ஆனது. இது மட்டும் இன்றுவரை அசையவில்லை. டிப்ஸ் போதாவிட்டால் முதலாளி ஈடுகட்டணும் என்று சட்டம் சொல்கிறது. கலிபோர்னியா போல முழுக் கூலியும் கொடுக்கச் சொல்லும் மாநிலங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மத்தியச் சட்டத்தில் முதலாளி பங்கு நின்ற இடத்திலேயே நிற்க, சாப்பிடுகிறவர் பங்கு 10 போய் 15, 15 போய் 20.

காசு கட்டுகிற திரையும் ஒரு காரணம்தான். பின்னால் நாலு பேர் நிற்கும்போது 'வேண்டாம்' பொத்தானை அமுக்க யாருக்குக் கை வரும்?

2025-இல் டிப்ஸ் வருமானத்தில் 25,000 டாலர் வரைக்கும் வருமான வரிச் சலுகை என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதிலும் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு சென்ட் கூடுதலாக எடுக்கச் சொல்லலை. அரை மணி நேரம் சர்வரைத் திட்டின எதிரணி, அந்தக் கல்லாப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாங்களா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க, நடுவர் அவர்களே!