கம்பம் பள்ளத்தாக்கும் பொதுச் சுகாதாரப் பட்டமும்

மருத்துவர் என்றதும் ஸ்டெதாஸ்கோப் நினைவுக்கு வருகிறது. ஆனால் எலிப்பொறியும் சீப்பும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய மருத்துவர்களும் இருந்திருக்கிறார்கள். எலியைப் பிடித்து, அதன் ரோமத்தைச் சீவி, விழும் தெள்ளுப்பூச்சிகளை எண்ணி, அவை எந்த இனம் என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அவர்கள் வேலை. அந்த வேலை நடந்த இடங்களில் ஒன்று இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் இங்கு நடத்திய பிளேக் ஆய்வு 1934-ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் வெளிவந்தது. பொதுச் சுகாதாரம் என்பது ஏன் தனியாகப் படிக்க வேண்டிய படிப்பு என்று கேட்பவருக்கு இந்தப் பள்ளத்தாக்கின் கதையே பதில் சொல்லும்.

கதை தண்ணீரில் தொடங்குகிறது. மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895 அக்டோபரில் அன்றைய சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பென்னிகுக் பெயர் இன்றும் கூடலூர், கம்பம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகளுக்கே அந்தப் பெயரை வைக்கிறார்கள்! ஆனால் அணை கட்டப் போய்த் திரும்பாதவர்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1892 முதல் 1895 வரை மட்டும் 483 பேர் நோயால் இறந்ததாகத் திட்டத்தின் வரலாற்றை எழுதிய பொறியாளர் மெக்கன்சி பதிவு செய்திருக்கிறார். அணைக்கு அருகே அவர்களுக்கு ஒரு இடுகாடே உண்டு. காட்டுக் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட மலேரியா அங்கே பெரிய எதிரி. சாராயம் இல்லாவிட்டால் வேலையே முடிந்திருக்காது என்ற பொருளிலும் மெக்கன்சி எழுதியிருக்கிறார். அன்று கையில் இருந்த மருந்தின் லட்சணம் அது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். அதாவது அணை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. ஆகவே அணை கட்டியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அன்று எந்த மருத்துவருக்கும் அது தெரியாது.

தண்ணீர் வந்தபின் பள்ளத்தாக்கில் 14,000 ஏக்கருக்கும் மேல் இருபோகம் விளைந்தது. நெல் வந்தால் குலுக்கை நிறையும். குலுக்கை நிறைந்தால் எலி வரும். செழிப்புக்கும் நோய்க்கும் இடையே இப்படி ஒரு உறவு இருப்பதை எந்த மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

1896-ல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அரசாங்கம் பயந்துபோய் 1897-ல் பெருவாரி நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள், பெண்களையும் விடவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். அதிகாரி ராண்ட் அதே ஆண்டு ஜூனில் சாபேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டார். நோயைத் தடுக்க அதிகாரம் மட்டும் போதும் என்று நினைத்ததன் விலை அது. நோய் எப்படிப் பரவுகிறது என்றே தெரியாமல் சுவரை இடித்து, சாமானைக் கொளுத்தி என்ன பயன்? தெள்ளுப்பூச்சிதான் எலியிடமிருந்து நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898-ல் கராச்சியில் காட்டினார். அவரைப் பலர் நம்பவில்லை. 1905-ல் வந்த பிளேக் ஆணையத்தின் சோதனைகளுக்குப் பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

தெற்கே ஒரு புதிர் மிச்சம் இருந்தது. பம்பாயைப் பிளேக் சூறையாடியபோது, அதே போலத் துறைமுகமும் எலியும் உள்ள சென்னை நகரம் பெரும்பாலும் தப்பித்தது. ஏன்? கொழும்பில் வேலை பார்த்த ஹர்ஸ்ட் என்பவர், எல்லாத் தெள்ளும் ஒன்றல்ல என்றார். 'கியாபிஸ்' என்ற இனம் பிளேக்கை நன்றாகக் கடத்தும், 'ஆஸ்டியா' என்ற இனம் அவ்வளவாகக் கடத்தாது. சென்னை மாகாணம் முழுவதும் எலித்தெள்ளுக் கணக்கெடுப்பு நடத்தி, அதைத் தட்பவெப்பத்தோடும் பிளேக்கோடும் பொருத்திப் பார்த்து கிங், பண்டிட் இருவரும் 1931-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். இந்தப் பண்டிட் சாதாரண ஆள் இல்லை. சி. ஜி. பண்டிட் என்ற பெயரில் பின்னாளில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராகவும், அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் ஆனவர்.

இந்தப் பின்னணியில்தான் கம்பம் பள்ளத்தாக்கு ஆய்வைப் பார்க்க வேண்டும். மூன்று பக்கம் மலை, நடுவே நெல், மலைக்கு மேலே ஏலத்தோட்டம், ஆளும் மூட்டையும் ஓயாமல் ஏறி இறங்கும் பாதைகள். இப்படி ஒரு இடத்தில் பிளேக் வந்தால் முதல் கேள்வி, நோய் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வருகிறதா, இல்லை உள்ளூர் எலிகளிடமே தங்கிவிட்டதா என்பது. வெளியிலிருந்து என்றால் மூட்டைகளைக் கவனிக்க வேண்டும். உள்ளேயே என்றால் வீடுகளையும் குலுக்கைகளையும் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு வேறு, ஆள் வேறு. எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்து வெளியே குடிசை போடுவது தென்னாட்டு மக்கள் அனுபவத்தில் கற்ற வழி. அது சரியான வழியும்கூட. ஆனால் எப்போது திரும்பலாம் என்று சொல்ல அனுபவம் மட்டும் போதாது, கணக்கு வேண்டும்.

இந்தக் கணக்கை யார் சொல்லிக்கொடுப்பது? பிரிட்டனில் 1888-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், பெரிய வட்டாரங்களின் சுகாதார அதிகாரிக்குப் பொதுச் சுகாதார டிப்ளமோ (டி.பி.எச்.) வேண்டும் என்று விதித்தது. இந்தியாவிலிருந்து வசதியுள்ளவர்கள் கப்பலேறிப் போய் அதைப் படித்து வந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் பி.எஸ்.எஸ்ஸி. என்ற பெயரில் சுகாதார அறிவியல் பட்டம் தந்தது. பழைய மருத்துவர்களின் பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ்.-க்குப் பின்னால் இந்த நான்கெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். 1932 டிசம்பரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் திறக்கப்பட்டது. அதன்பின் கப்பலேறும் தேவை குறைந்தது.

சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறை 1922-ல் தனித்துறையாக வந்தது. டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் நிறைவேறியது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், திருவிழாச் சந்தை என்று எல்லாவற்றிலும் சுகாதார அதிகாரிக்கு அது அதிகாரம் தந்தது. புனேயில் ராண்டுக்கு இருந்ததும் அதிகாரம்தான். வித்தியாசம், இங்கே அதிகாரம் உள்ளவர் தெள்ளுக்கும் கொசுவுக்கும் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை மருத்துவப் பணியோடு கலந்துவிட்டன. அறுவை சிகிச்சை செய்தவர் பணிமூப்பில் மாவட்டச் சுகாதாரப் பொறுப்புக்கு வருவார், ஓய்வு பெறுவார். அங்கே டி.பி.எச். படிப்பதால் ஒருவருக்கும் லாபமில்லை. தமிழ்நாடு கலக்கவில்லை. தனி இயக்குநரகம், தனிப் பணி வரிசை, மேலே போக வேண்டுமானால் பொதுச் சுகாதாரத் தகுதி என்ற முறை நீடித்தது. இது பெரிய விஷயம். ஒரு பட்டத்துக்கு மதிப்பு பாடத்திட்டத்தால் மட்டும் வருவதில்லை, அதன் பின்னால் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

பிற்காலத்தில் படிப்புகள் பெருகின. திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்.பி.எச். தொடங்கியது. சென்னையில் 1999-ல் உருவான தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001-ல் கள அடிப்படையிலான முதுநிலைப் படிப்பையும், 2008-ல் எம்.பி.எச்.-ஐயும் கொண்டுவந்தது. எம்.பி.எச். வந்ததும் நாடு முழுவதும் பல கல்லூரிகள் பல் மருத்துவர், செவிலியர், சமூகப்பணி படித்தவர் என்று பலருக்கும் கதவைத் திறந்தன. நல்லதுதான். ஆனால் நாற்காலிக் கேள்வி திரும்ப வந்துவிட்டது. அரசுத் துறையின் மேல்மட்டப் பதவிகள் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கானவை. மற்றவர்களில் பலர் தொண்டு நிறுவனங்களிலும் குறுகிய காலத் திட்டங்களிலும் ஒப்பந்தத்தில் வேலை தேடுகிறார்கள். எலியைச் சீவவும் கணக்குப் போடவும் எம்.பி.பி.எஸ். கட்டாயமா என்ற கேள்வியை யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தேனி மாவட்டத்திலேயே க.விலக்கில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சமூக மருத்துவம் அங்கே ஒரு பாடம். முதுநிலைக் கலந்தாய்வில் அந்தப் பாடத்தைத் தேடி எடுப்பவர்கள் நாடு முழுவதுமே குறைவு, ரேடியாலஜி கிடைக்காதவர்கள் எடுப்பது என்ற பேச்சும் உண்டு. பிளேக் பள்ளத்தாக்கைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இந்தியாவில் 1994 சூரத் பீதிக்கு முன் உறுதி செய்யப்பட்ட கடைசி மனித நோயாளி 1966-ல் கர்நாடகத்தில். இப்போது வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் வளரும் ஏடிஸ் கொசுவின் முறை. சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் அடித்துப் புழு எண்ணுகிறார்கள். 1930களில் தெள்ளு எண்ணியதற்கும் இதற்கும் முறையில் அதிக வித்தியாசம் இல்லை.