ஒற்றைத் தலைவலி: இரண்டு அளவுகோல்கள்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் கடைகள். திருவண்ணாமலையில் பூவும் இளநீரும் விற்பவர்களுக்கு அன்றுதான் நல்ல வியாபாரம். ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும் தூக்கமின்மை, நேரம் தவறிய சாப்பாடு, கண்கூசும் விளக்கு, இரைச்சல் எல்லாம் சேர்ந்து வருவதும் அன்றுதான். இந்நோய் ஒருவரின் அன்றாடத்தை எவ்வளவு முடக்குகிறது என்று அறிய மருத்துவர்கள் பெரிதும் கையாளும் வினாத்தாள்கள் இரண்டு: மைடாஸ், ஹிட்-6.

மைடாஸ் நாள் கணக்கு பார்க்கிறது. கடந்த 3 மாதங்களில் வேலைக்குப் போகாத நாட்கள், வேலை பாதியாகக் குறைந்த நாட்கள், வீட்டு வேலை நின்ற நாட்கள், பாதியான நாட்கள், விசேஷங்களுக்குப் போகாத நாட்கள் என 5 கேள்விகள். கூட்டுத்தொகை 21-ஐ எட்டினால் கடும் முடக்கம். ஹிட்-6 வேதனையைக் கேட்கிறது. வலி எவ்வளவு அடிக்கடி கடுமையாகிறது, படுத்துவிடத் தோன்றுகிறதா, சோர்வும் எரிச்சலும் வருகிறதா, கவனம் சிதறுகிறதா என்பது போன்ற 6 கேள்விகள். மதிப்பெண் 36 முதல் 78 வரை. 60-ஐ எட்டினால் கடும் பாதிப்பு.

பூ விற்கும் பெண்ணுக்கு இவை எப்படிப் பொருந்தும்? வாங்கிய பூ மறுநாள் வாடிவிடும். தலை வெடித்தாலும் கடை போட்டே ஆக வேண்டும். ஆகவே மைடாஸின் முதல் கேள்விக்கு அவர் பதில் பூஜ்ஜியம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஹிட்-6 பிடித்துவிடும். ஆனால் அதன் பாதிக் கேள்விகள் 4 வாரங்களோடு நின்றுவிடுகின்றன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இடைவெளி ஏறத்தாழ 29½ நாள். பௌர்ணமிக்கு முந்தைய நாள் கேட்டால், போன பௌர்ணமி விடுபட்டுப்போகும். 3 மாதம் கேட்கும் மைடாஸில் அது தப்பாது. வீட்டு வேலையைத் தனியே எண்ணுவதும் மைடாஸ்தான். உலக அளவில் இளம்பெண்களை முடக்கும் நோய்களில் முதலிடம் ஒற்றைத் தலைவலிக்கு என்று 2019-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. வீட்டு வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். எனவே அந்தக் கேள்விகளை விட்டுவிட முடியாது.

ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இரண்டும் சேர்ந்தே 11 கேள்விகள்தான். சில நிமிட வேலை. "பாதி வேலை" என்று பொதுவாகக் கேட்காமல், "வழக்கமாக எத்தனை முழம் கட்டுவீர்கள், வலி வந்த அன்று எத்தனை முழம்?" என்று கேட்டால் பதில் சரியாக வரும். வேலைக்கு வந்துவிட்டார் என்பதற்காக ஒருவரை நலமாக இருப்பவர் என்று மருத்துவர்கள் கணக்கில் எழுதிவிடக் கூடாது.