கோடரி கயிறான கதை

1900ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஹாசக் என்னும் உழவர் உறங்குகையில் கோடரியால் வெட்டுண்டு மாண்டார். மனைவி மார்கரெட்மேல் வழக்கு எழுந்தது. கணவரின் கொடுமையை அவர் அயலாரிடம் முன்பே முறையிட்டிருந்தார். அம்முறையீடே கொலைக்குக் காரணமென அவருக்கு எதிராகத் திரும்பிற்று. ஜூரிகள் அனைவரும் ஆடவர். பெண்டிர்க்கு அந்நாளில் அங்கு அவ்வுரிமை இல்லை. 1901இல் தண்டனை கிடைத்தது; 1902இல் மேல்மன்றம் அதனை நீக்கியது; 1903 மறுவிசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை.

இவ்வழக்கைச் செய்தியாளராக இருந்து எழுதிய சூசன் கிளாஸ்பெல் அம்மையார், 1916இல் ‘அற்பங்கள்’ எனப் பொருள்படும் நாடகமாகவும், 1917இல் ‘அவளை ஒத்தோரின் ஜூரி’ எனப் பொருள்படும் சிறுகதையாகவும் இதனை அமைத்தார். கதையில் கோடரி இல்லை; கணவன் கழுத்தில் கயிறு. ஏன் இம்மாற்றம்?

சான்று தேடும் ஆடவர் மாடிக்கும் கொட்டகைக்கும் அலைகின்றனர்; அடுக்களையை நகைத்து ஒதுக்குகின்றனர். அங்கேதான் உடைந்த கூண்டும், தையற்பெட்டியில் பட்டுத்துணி சுற்றிய, கழுத்து முறிந்த பாட்டுப்பறவையும் இரு பெண்களின் கண்ணில் படுகின்றன. மணத்துக்குமுன் அவ்வில்லாளும் தேவாலயத்தில் பாடியவளே! பறவையின் கழுத்துக்குக் கணவனின் கழுத்து விடை சொல்லவே கயிறு வந்தது; கோடரியே நின்றிருப்பின் இது செய்தித்தாள் வழக்காகவே முடிந்திருக்கும்.

அப்பறவையைத் தன் மேலங்கிப் பையில் மறைப்பவள் அயல் வீட்டுக்காரி. உடனிருந்து அதற்குத் துணைநிற்பவளோ, காவல் தலைவரின் மனைவி.