போட்டி பிஸ்டலுக்கு எந்தக் குண்டு, எத்தனை கிரெய்ன்? தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கலாமா? முழு விளக்கம்

2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் நடிகர் அஜித்குமாரின் அணி 4 தங்கம், 2 வெண்கலம் வென்றது. அன்று ட்ரெண்டான பதக்கப் பட்டியலில் 'சென்டர் ஃபயர் பிஸ்டல்' என்றொரு பிரிவும் இருந்தது. பலரும் அதை வெறும் பெயராகப் படித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஆனால், "எந்த வகைக் குண்டு, என்ன எடை?" என்று வீரர்கள் உண்மையிலேயே மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரிவு அதுதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, பிள்ளைகளை ஷூட்டிங் பயிற்சியில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் அதிகம். அப்படித் தேடும்போது யூடியூபில் இன்னொரு வகை வீடியோவும் கண்ணில் படும். அமெரிக்காவில் ஒருவர் வீட்டு கராஜில் மேஜை மேல் ஒரு சின்ன பிரஸ்ஸை வைத்து, சுட்டு முடித்த காலிக் கூட்டில் மருந்து நிரப்பி, புதுக் குண்டை அழுத்தி, கையாலேயே தோட்டா தயாரிப்பார். இதற்கு 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவு, தன் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி செய்துகொள்ளலாம் என்பார்.

அதே வேலையை இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் என்ன ஆகும்? குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. சட்டத்தைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

குண்டு வேற, தோட்டா வேற

பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதில் பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, தலையில் குண்டு என நான்கு பாகங்கள். இலக்குக்குப் பறந்து போவது குண்டு மட்டும்தான்.

குண்டின் எடையைப் பெரும்பாலும் 'கிரெய்ன்' கணக்கில்தான் சொல்கிறார்கள். நம்மூர் ஆசாரிகள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, அங்கே ஒரு தானிய மணியின் எடையில் தொடங்கிய அளவு இது. ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெய்ன். 100 கிரெய்ன் குண்டு என்றால் 6.5 கிராம், ஒரு சவரனைவிடக் கொஞ்சம் குறைவு.

ஒலிம்பிக் பிரிவுகளில் ஹேண்ட்லோடிங்குக்கு இடமே இல்லை

இன்று ஒலிம்பிக்கில் உள்ள பிஸ்டல் போட்டிகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல், ஆண்களுக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயர். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்றது இந்த ரேபிட் ஃபயரில்தான்.

25 மீட்டர் ஒலிம்பிக் பிரிவுகள் இரண்டிலும் பயன்படுவது 0.22 எல்.ஆர். தோட்டா. இதில் பிரைமர் தனியாக இருக்காது. தீப்பற்றும் கலவை கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பரவியிருக்கும். ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும். மறுபடி நிரப்ப முடியாது. அதனால்தான் இதற்கு 'ரிம் ஃபயர்' என்று பெயர். குண்டின் எடையும் பெரும்பாலும் 40 கிரெய்ன்தான். அதாவது 2.6 கிராம். ஆக, இங்கே எடையில் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' வகையாகப் பார்த்து வாங்குவார்கள், அவ்வளவுதான்.

சென்டர் ஃபயர் வேறு கதை. தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் பிரைமர் தனியாக இருக்கும். அதைக் கழற்றி மாற்றலாம், கூட்டை மறுபடி பயன்படுத்தலாம். ஹேண்ட்லோடிங் என்ற பேச்சே இந்த வகைத் தோட்டாக்களுக்குத்தான்.

மொட்டைத் தலை ஏன் முக்கியம்?

சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி, சென்டர் ஃபயர் பிரிவில் துப்பாக்கியின் விட்டம் 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம். இதில் இன்று பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது 0.32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டா போடும் பிஸ்டல். குண்டு ஈயம் அல்லது அதைப் போன்ற மென்மையான உலோகத்தில்தான் இருக்க வேண்டும். மேலே செம்பு உறை போட்ட குண்டுக்கு அனுமதி இல்லை. ஆகவே, குண்டு வகைகளில் பாதி விதிப் புத்தகத்திலேயே கழிந்துவிடும்.

மீதி இருப்பதில் போட்டியாளர்கள் எடுப்பது 'வாட்கட்டர்'. பார்த்தால் குண்டு மாதிரியே இருக்காது. கூர்முனை கிடையாது, தலை தட்டையாக, சுண்ணாம்பு டப்பி மாதிரி உருளையாக இருக்கும். காரணம் காகித இலக்கு. உருண்டை முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டையின் ஓரம் பிய்ந்து சுருங்கிவிடும். வாட்கட்டர், ஆபீஸில் பேப்பருக்குப் பஞ்ச் போட்ட மாதிரி வட்டமாக வெட்டிவிட்டுப் போகும். வளையத்தின் கோட்டை ஓட்டை தொட்டாலே கூடுதல் புள்ளி என்பது விதி. பிய்ந்த ஓட்டையில் அது 9-ஆ 10-ஆ என்று நடுவர் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிவரும். சுத்தமான ஓட்டையில் அந்தப் பஞ்சாயத்து கிடையாது.

இன்று பெரிய போட்டிகளில் எலெக்ட்ரானிக் இலக்கு வந்துவிட்டது. குண்டு கடந்த இடத்தை சென்சார் கணக்கிடுகிறது, காகிதம் கிழிவது பிரச்சினையே இல்லை. அப்படியானால் வாட்கட்டர் ஏன் இன்னும் இருக்கிறது? பார்டினி, வால்தர் போன்ற நிறுவனங்களின் 0.32 போட்டி பிஸ்டல்களின் மேகசினும் அறையும் அந்த மொட்டைத் தோட்டாவின் நீளத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. வேறு வடிவம் போட்டால் உள்ளே ஏறாது, ஏறினாலும் சிக்கிக்கொள்ளும்.

இங்கே இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் கடைகளில் '0.32' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு தோட்டாக்கள் கிடைக்கும். ரிவால்வருக்கானது 0.32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். சாதாரண பிஸ்டலுக்கானது 0.32 ஏ.சி.பி. பெயர் ஒன்று, நீளமும் அமைப்பும் வேறு. போட்டி பிஸ்டல் கேட்பது ரிவால்வர் வகைத் தோட்டாவின் மொட்டைத் தலை வடிவத்தை. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் காசு போச்சு.

எடை கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

0.32 வாட்கட்டர் பொதுவாக 98 முதல் 100 கிரெய்ன். லாபுவா நிறுவனம் 83 கிரெய்னிலும் தருகிறது. வித்தியாசம் ஒரு கிராம்தான். கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. சுட்டால் தெரியும்.

ஒன்று, உதைப்பு. கனமான குண்டை மெதுவாகத் தள்ளும்போது துப்பாக்கி கையை நிதானமாகத் தள்ளும்; லேசான குண்டை வேகமாகத் தள்ளினால் சுரீரென்று அடிக்கும். எது நல்லது என்பது ஆளைப் பொறுத்தது. சென்டர் ஃபயர் போட்டியில் 60 முறை சுட வேண்டும். முதல் 30 நிதானமாக. அடுத்த 30-ல் இலக்கு 3 விநாடி மட்டுமே முகம் காட்டும், 7 விநாடி மறையும். ஒவ்வொரு முறையும் தாழ்த்திய கையை உயர்த்தி ஒரே ஒரு குண்டு. ஒரு தடவைக்கு ஒரு குண்டு என்பதால், உதைப்பிலிருந்து உடனே மீள வேண்டிய அவசரம் இல்லை. ஆனால், ஐம்பதாவது குண்டில் மணிக்கட்டு சோர்ந்திருந்தால் ட்ரிகரை இழுக்கும்போதே விரல் பதறும். எடையைக் குறைக்க நினைப்பவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

இரண்டாவது விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கனமான குண்டு இலக்கில் தாழ்ந்துதானே விழும் என்று நினைப்போம். பிஸ்டல் தூரத்தில் பெரும்பாலும் நேர் எதிர். கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கும். அதற்குள் உதைப்பில் குழல்முனை மேலே எழும்பிவிடும். அதனால் குண்டு மேலே போய் விழும். எடையை மாற்றியவர் சைட்டைத் திருத்தாமல் போட்டிக்குப் போனால், முதல் சீரிஸிலேயே புள்ளிகள் காலி.

நிதானமாகச் சுடும் சுற்றுக்கான 25 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 50 மி.மீ. ஒரு தோட்டா வகை, துப்பாக்கியைக் கிடுக்கியில் பிடித்துச் சுட்டாலே 40 மி.மீ. வட்டத்துக்குள் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வீரரின் கை நடுக்கத்துக்கு மிச்சமிருக்கும் இடம் மிகக் கொஞ்சம். அதே துப்பாக்கியில் இன்னொரு வகை 20 மி.மீ.க்குள் நின்றால், அந்த இடம் மூன்று மடங்காகும். தோட்டா தேர்வு என்று வீரர்கள் செலவழிக்கும் நேரமெல்லாம் இதற்காகத்தான். 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா இதே சென்டர் ஃபயர் பிரிவில் 600-க்கு 590 எடுத்து அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். மனு பாக்கரின் பயிற்சியாளரும் அவரே. 60 குண்டில் மொத்தம் 10 புள்ளிதான் தவறியது. அந்த மட்டத்தில், ஒரு பெட்டி தோட்டா சரியில்லை என்றாலே பதக்கம் கைமாறும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் காகித இலக்குப் போட்டிக்கு 0.38 ஸ்பெஷலில் 148 கிரெய்ன் வாட்கட்டர், 0.45-ல் 185, 200 கிரெய்ன் குண்டுகள் என்று பல பத்தாண்டுப் பழக்கம் உண்டு. ஓடி ஓடிச் சுடும் ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகளில் 'பவர் ஃபேக்டர்' என்ற கணக்கு. குண்டின் எடையை (கிரெய்ன்) வேகத்தால் (விநாடிக்கு அடி) பெருக்கி 1000-ஆல் வகுப்பார்கள். 'மைனர்' பிரிவுக்கு 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2; 147 கிரெய்ன் குண்டு வெறும் 900 அடி வேகத்திலேயே 132.3. விதி ஒன்றுதான், கைக்குத் தெரியும் உதைப்பு வேறு. அங்கே ஹேண்ட்லோடிங் செழிப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. போட்டித் தோட்டாவில் மருந்து மிகக் குறைவு; கூட்டில் பாதிகூட நிரம்பாது. அதனால் தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வெளியே தெரியாது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மருந்தே விழாமல் போனாலோ, குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதே கதிதான்.

இந்த 124, 147 கிரெய்ன் கணக்கெல்லாம் 9 மி.மீ. துப்பாக்கிக்கு. இந்தியாவில் சாதாரண லைசன்ஸில் அது கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்ற சொல்லின் விளக்கமே விரிவானது. முழுத் தோட்டா மட்டுமல்ல, அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அதற்குள் அடங்கும். 5-வது பிரிவின்படி, தயாரிக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசன்ஸ் வேறு, தயாரிப்பு உரிமம் வேறு. மீறினால் 25-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

இது ஆரோவில் போன்ற இடங்களில் இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். பல நாட்டவர் வந்து தங்கும் ஊர் அது. தன் நாட்டில் சட்டப்படி ஹேண்ட்லோடிங் செய்த ஒருவர், 'வெறும் ஈயக் குண்டுதானே, காலிக் கூடுதானே' என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் சென்னை விமான நிலையத்திலேயே சிக்கல். மறந்துபோய்ப் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்கே வழக்குப் பதிவான செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். தெரியாமல் இருந்தது என்று பின்னால் நிரூபிக்கலாம், அதுவரை அலைச்சல்தான். உள்ளூர் லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஆரோவில் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். சில கிலோமீட்டரில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். லைசன்ஸ் எந்தப் பகுதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பார்க்காமல் துப்பாக்கியோடு எல்லை தாண்டக் கூடாது.

விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு. வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும், தோட்டா அளவும் 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அறிவிப்பில் உயர்த்தப்பட்டன.

அப்போ நம்மூர் வீரர்களுக்கு என்ன வழி?

தயாரிக்க முடியாது, தேர்ந்தெடுக்க முடியும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே எடை என்றாலும், தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி தோட்டாவின் நடத்தை மாறும். இதைத்தான் 'லாட்' என்கிறார்கள். பெட்டியில் எண் அச்சடித்திருக்கும். ரேஞ்சில் துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு லாட்டிலும் 10 குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்த்து, அந்த எண்ணையே மொத்தமாக வாங்குவார்கள். ஹேண்ட்லோடிங் செய்பவர் மருந்தையும் எடையையும் மாற்றித் தேடும் அதே நெருக்கத்தை, இவர்கள் பெட்டி எண்ணில் தேடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். 0.177 அளவில், 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசன்ஸ் தேவையில்லை. அதன் பெல்லட்டும் ஈயம்தான், அதுவும் மொட்டைத் தலைதான். பிஸ்டலுக்குச் சுமார் 7 கிரெய்ன், ரைபிளுக்குச் சுமார் 8.2 கிரெய்ன் என்று வாங்குவது வழக்கம். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் போட்டிருக்கும். மூன்றையும் தன் பிஸ்டலில் சுட்டுப் பார்த்துவிட்டு ஒன்றில் நிற்கலாம்.

மரக்காணம் உப்பளப் பக்கம், ஈ.சி.ஆர். ஓரம் குடியிருப்பவர்கள் டப்பாவைத் திறந்து போட வேண்டாம். உப்புக் காற்றில் பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பு ஏறும், ஈயத்தில் வெள்ளைப் பொடி படியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். அந்த வெள்ளைப் பொடி விஷம்; படிந்த பெல்லட்டை ஊதித் துடைத்துச் சுட வேண்டாம். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.