கடல் வந்த டிசம்பரும் நமது பள்ளிக்கூடங்களும்



வருடம் முடிகிறது. வழமைபோல பாடசாலைப் பக்கமிருந்து செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. பரிசளிப்பு, ஓய்வுபெறும் ஆசிரியர்களுக்குப் பிரியாவிடை, சிரமதானம், பழைய மாணவர் கூட்டம். இவற்றோடு இம்முறை இன்னொன்றையும் எழுத நினைத்தோம். 2024 டிசம்பர் 26 ஆம் திகதியோடு சுனாமிக்கு இருபது வருடம் நிறைந்தது. இன்று நமது வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அன்று பிறக்கவேயில்லை. அவர்களுக்கு வகுப்பறை என்றால் வகுப்பறை மட்டும்தான். நமக்கு அதே அறை ஒரு காலத்தில் வீடு, சமையல் கூடம், மருந்துச் சாலை.

ஆனால் கதையைச் சுனாமியில் இருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும். நமது ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சம்பளமில்லாத கைகள் வேலை செய்வது அதற்கு மிக முந்தியே தொடங்கிய பழக்கம்.

1942 ஐ எடுத்துக்கொள்வோம். அப்போது கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. அம்பாறை என்ற மாவட்டம் 1961 இல்தான் வந்தது. அது யுத்த காலம். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நெல் விளையும் பூமி என்பதால் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக ஏ.எம்.ஏ. அஸீஸை அனுப்பினார்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அவர் வந்தது நெல்லுக்காக. ஆனால் வயலைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் வசதியில்லாமல் இடையில் நின்றுவிடுவதைக் கண்டார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். ஊரவர்களைச் சேர்த்துக் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். அந்தச் சிறிய சங்கத்தில் பெற்ற அனுபவம்தான் 1945 இல் முழு நாட்டுக்குமான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. அதன் உதவியில் படித்து வெளியேறியவர்கள் நாட்டின் பல பாகங்களிலும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் முளைத்தது நமது மண்ணில் என்பதை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கல்முனை ஸாஹிறாக் கல்லூரி 1949 இல் ஆரம்பமானது. கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரின் பெயர் அதோடு சேர்ந்தே பேசப்படுகிறது. ஒரு கல்லூரி எழும்ப ஒரு தலைவர் மட்டும் போதாது. காணி கொடுப்பவரும் ஓலை கொண்டுவருபவரும் பிள்ளையை அனுப்பும் தாயும் வேண்டும். தலைவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. மற்றவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பவும் கேட்போம்.

அதன் பிறகு அரசாங்கத்தின் கை பெரிதானது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61 இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயின. 1980 முதல் பாடப் புத்தகம் இலவசம், 1993 முதல் சீருடை இலவசம். எல்லாம் பெரிய நன்மைகள். ஆனாலும் மாரி மழைக்கு முன் கூரையைப் பார்ப்பது, உடைந்த வாங்குகளை அறைவது, வளவைத் துப்புரவு செய்வது என்று கோப்பு வரும்வரை காத்திருக்க முடியாத வேலைகள் எப்போதும் இருந்தன. அவற்றைப் பெற்றோரும் பழைய மாணவரும்தான் செய்தார்கள். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'சிரமதானம்' என்ற சொல்லை நாடு முழுக்கப் பரப்பியவரும் ஒரு ஆசிரியரே. கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஏ.ரி. ஆரியரத்ன 1958 இல் தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு விடுமுறை முகாமாக அழைத்துப் போனதில் இருந்துதான் சர்வோதயம் பிறந்தது.

நமது கரையில் வருடக் கடைசி என்றால் மாரிகாலம். மூத்தவர்கள் இன்றும் 'எழுபத்தெட்டுச் சூறாவளி' என்று சொல்வார்கள். 1978 நவம்பர் 23 இரவு. மட்டக்களப்புப் பக்கமாகக் கரையேறி, கிழக்கில் சுமார் ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. தென்னைகள் சரிந்தன, பாடசாலைக் கூரைகள் பறந்தன. அன்று இளைஞர்களாக இருந்து மரம் வெட்டிப் பாதை திறந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

இனி 2004.

டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பாடசாலைகள் விடுமுறையில் இருந்தன. காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை நமது கரைக்கு வந்துவிட்டது. அந்த இடைவெளியில் நமக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை முறை இருக்கவில்லை. நமது ஊர்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே வீட்டோடு வீடாக நெருக்கம், வீதிக்கு மேற்கே போனால் வட்டை. அந்த நெருக்கத்துக்குள்தான் கடல் ஏறியது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். அது முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று பார்த்து வரவில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். பின்னர் நமது மாவட்ட முகாம்களில் நடந்த ஒரு ஆய்வு, ஆண்களை விடப் பெண்களும், சிறு பிள்ளைகளும் முதியவர்களும் கூடுதலாக இறந்ததைக் காட்டியது. எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தப்பியவர்கள் ஓடிய இடங்கள் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில்தான் அறை இருந்தது, கிணறு இருந்தது, சுவர் இருந்தது. உத்தரவுக்காகக் காத்திருக்க நேரமில்லை, கதவுகள் திறந்தன. உள்ளே இருந்த சம்மாந்துறை போன்ற ஊர்களில் இருந்து சோறு வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் வாகனங்கள் பிறகுதான் வந்தன. முதல் நாட்களின் சோறு அடுத்த ஊர்ச் சோறுதான்.

அந்த நாட்களில் தொண்டர் வேலை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். ஜனாஸாக்களைத் தேடி எடுத்து அடக்குவது முதல் வேலை. அதைச் செய்தவர்களில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பையன்களும் இருந்தார்கள். அடுத்தது பெயர் எழுதுவது. யார் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்தப் பிள்ளைக்கு உம்மா இல்லை என்று கொப்பியில் கோடு போட்டு எழுதினார்கள். அந்தப் பட்டியலில் இருந்துதான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள், நிவாரணமும் அதை வைத்தே பிரிக்கப்பட்டது. பிறகு கிணறு இறைப்பது. கடல்நீர் புகுந்த கிணற்றை இறைத்து இறைத்து ஊற்ற வேண்டும், அளவுக்கு மேல் இறைத்தால் உப்புக் கூடும் என்பதையும் பட்டுத்தான் படித்தார்கள். கடைசியாக, பிள்ளைகளைச் சுற்றி உட்கார்த்திக் கதை சொல்வது. நமது ஆசிரியைகள் பலர் தங்கள் வீட்டு இழப்போடுதான் அதைச் செய்தார்கள்.

ஜனவரி வந்தது. புதிய வருடப் படிப்பைத் தொடங்க வேண்டும், ஆனால் வகுப்பறைக்குள் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை எழும்பச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சிலர் கூடாரத்துக்கும் சிலர் சொந்தக்காரர் வீட்டுக்கும் மாறினார்கள். கரையோரப் பாடசாலைகளின் பிள்ளைகள் வேறு பாடசாலைகளில் பின்னேர வகுப்பில் இருந்தார்கள். வீட்டுப் பிரச்சினை அதைவிட நீண்டது. கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற அறிவிப்பால், காணி இல்லாத நமது ஊர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆனால் வகுப்பு மட்டும் நிற்கவில்லை.

2024 நவம்பரையும் பாருங்கள். 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு நம்மிடம் வார்த்தை இல்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. படையினரோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கித் தேடியவர்களில் நமது ஊர் இளைஞர்களும் இருந்தார்கள். அதே வாரம் உயர்தரப் பரீட்சை நிறுத்தப்பட்டது. இருபது வருடம் கழித்தும் முதலில் வருவது பக்கத்தில் இருப்பவர்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறோம். இவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

2004 இல் கரையோரப் பாடசாலைகளின் பதிவேடுகள் கடலோடு போயின. முகாம்களில் எழுதிய கொப்பிகளும் முகாம் கலைந்ததோடு சிதறிவிட்டன. நிறுவனங்கள் கட்டிய கட்டிடங்களில் நிறுவனங்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. கிணறு இறைத்தவர், பெயர் எழுதியவர், பின்னேர வகுப்பு எடுத்தவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்கள் அதை எதிர்பார்த்துச் செய்யவும் இல்லை. ஆனால் எழுதி வைக்காவிட்டால், ஊரைக் காப்பாற்ற வெளியில் இருந்துதான் யாராவது வரவேண்டும் என்று நமது பிள்ளைகள் நம்பி வளர்வார்கள். அதுதான் நமது கவலை.

ஆகவே இந்த வருடக் கடைசிக்கு ஒரு வேலை. கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் முன்பின்னாகிவிட்டாலும் சில நாட்களாவது ஓய்வு கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் அல்லது அயலில் ஒரு மூத்தவரிடம் இருந்து ஒரு பக்கம் எழுதி வரட்டும். எழுபத்தெட்டில் என்ன செய்தீர்கள்? சுனாமியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்? அங்கே உங்களுக்குச் சோறு தந்தவர் யார்? தமிழ் அயலவர்களிடமும் கேட்கலாம், அவர்களும் நம்மைப் பற்றிச் சொல்வார்கள். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். சிலரின் மௌனத்துக்கும் மரியாதை இருக்கிறது. எழுதியதைத் தைத்து அந்தந்தப் பாடசாலை நூலகத்தில் வைப்போம். ஒரு பிரதி பள்ளிவாசலிலும் இருக்கட்டும்.

சிரமதானத்துக்கு வரும்போது மண்வெட்டியோடு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவாருங்கள். கரையில் இருந்து போனவர்கள் அனைவருக்காகவும் துஆச் செய்வோம்.